கணுக்காலில் நீலக்கோடு

அந்த ஷூவுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் ஒட்டியது. தண்ணீர் என்றுதான் நினைத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் ரத்தம். பாதி காய்ந்தது, பாதி காயாதது. அடியைத் திருப்பினேன். ரொட்டி அடுக்கும் மரப்பெட்டியில் அடிக்கிற ஆணி ஒன்று தலைவரைக்கும் ஏறி, உள்பக்கம் அரை விரல் நீட்டிக்கொண்டு நின்றது.

“யோவ், இது எத்தனை நாளா இருக்கு?”

ரொட்டிக்காரர் என் கடை முக்காலியில் உட்கார்ந்து வெறும் சாக்ஸோடு காலை ஆட்டிக்கொண்டிருந்தார். “எது?”

“ஆணி.”

“ஆணியா? குதிகால் தேஞ்சிருக்குன்னுல்ல குடுத்தேன்.”

“காலைக் காட்டு.”

“அட விடுங்கண்ணே.”

“காட்டுய்யா.”

சாக்ஸ் காலோடு ஒட்டியிருந்தது. இழுத்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இழுத்தேன். கண்கூடச் சுருங்கவில்லை. பாதத்தின் நடுவில் பொத்தான் அளவுக்குக் கறுப்பாக ஓட்டை. சுற்றி வெள்ளையாக ஊறிப்போயிருந்தது.

“வலிக்கலையா?”

“சர்க்கரைண்ணே. அஞ்சு வருஷமா மரத்துப்போச்சு. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கும். காசு குடுத்தாலும் இந்தச் சுகம் கிடைக்காது” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன். ஆணியைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்து, “உன் சொத்து, பத்திரமா வச்சுக்கோ” என்று வேறு சொன்னேன்.

என் கடையும் அவர் ரொட்டிக் கடையும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு சுவர். அவர் அடுப்பு மூட்டினால் என் சுவர் சுடும். மழைக்காலத்தில் ஈரத் தோலை அந்தச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் காயவைப்பேன். வெளிப்பக்கம் ஒரு இரும்புப் படி. அதில் ஏறினால் அவர் வீடு. வீட்டில் அவரும் அவர் மனைவியும் அவருடைய அண்ணனும். அண்ணனை எல்லாரும் பெரியவர் என்பார்கள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தம்பி மேல் உயிர்.

நாலாவது ஆள் ஒருவர் உண்டு. ரொட்டிக்காரர் மனைவியின் தம்பி. அடுத்த தெருவில் இருந்துகொண்டு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவர். வாத்தியார் என்றால் அவர்தான். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ஆகாது.

ஏன் ஆகாது என்பதை இங்கேயே சொல்கிறேன், பின்னால் அது வேண்டும். கடை திறந்த புதிதில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். எங்கள் தையல் இரும்பைவிட உறுதி என்று தமிழில். அதற்குக் கீழே அதையே இங்கிலீஷில். ‘மோர் ஸ்ட்ராங்கர் தேன் அயர்ன்’ என்று பெயின்டர் எழுதினான். எனக்கு என்ன தெரியும்? எழுத்து அழகாக இருந்தது. வாத்தியார் ஒருநாள் செருப்பு வாங்க வந்து, கடையில் நாலு பேர் நிற்கும்போது, போர்டை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். “ஐயா, ‘மோர்’ ஒண்ணு, ‘அர்’ ஒண்ணு, ரெண்டு விடவா? ஒரு விட போதாதா? ஒப்பிட்டுச் சொல்லும்போது ஒண்ணு போட்டாலே உறுதிதான்” என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேருக்கு என்னைப் போலவே இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. அவர்களும் சிரித்தார்கள். நான் போர்டை மாற்றவில்லை. பதினாலு வருஷமாக அப்படியே தொங்கவிட்டேன்.

மேல்வீட்டில் வாரத்தில் மூன்று நாள் ஜெபம் நடக்கும். மத்தியானம் ரொட்டி வேலை முடிந்து தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு. என் தலைக்கு மேலே நாற்காலிகள் இழுபடும். பிறகு பெரியவர் வாசிப்பார், வாத்தியார் விளக்குவார், பெரியவர் மறுப்பார். பாட்டைவிடச் சண்டைதான் அதிகம். எபிரேயத் தீர்க்கதரிசிகள் சொன்னதெல்லாம் இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து நடக்கும் என்பது பெரியவர் கட்சி. அது அந்தக் காலத்தில் அந்த ஜனங்களுக்குச் சொன்னது, நமக்கு அதில் ஆறுதல்தான் உண்டு, தேதி போட்ட சீட்டு கிடையாது என்பது வாத்தியார் கட்சி. நான் கீழே தையல் போட்டுக்கொண்டே கேட்பேன். ரேடியோ வாங்குகிற செலவு மிச்சம்.

அந்த வீட்டில் ஒரு விதி இருந்தது. ரொட்டிக்காரரின் அப்பா வைத்துவிட்டுப் போனது. ஒரு வசனத்துக்கு வீட்டுக்குள் இரண்டு அர்த்தம் வந்துவிட்டால், அதை வைத்து யாரும் ஒரு காரியமும் செய்யக்கூடாது. சொந்தமும் இல்லாத, அவர்கள் கூட்டத்திலும் இல்லாத ஒரு வெளியாளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவன் வாயில் முதலில் வருவதுதான் தீர்ப்பு. அவனுக்கு முன்கூட்டி ஒன்றும் சொல்லிக்கொடுக்கக்கூடாது. இப்படிக் கேட்டுத்தான் கடைக்கு இந்த இடத்தைப் பிடித்தார்களாம். ஒரு பால்காரர் சொன்னாராம். இப்படிக் கேட்டுத்தான் பெரியவர் கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாராம். அதை யார் சொன்னது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆணி எடுத்துப் பத்து நாள் இருக்கும். ரொட்டிக்காரர் கடைக்கு வரவில்லை. பெரியவர்தான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ரொட்டி ஒரு பக்கம் கருகி வந்தது.

அன்றைக்கு மத்தியானம் வாடகை வண்டி ஒன்று வந்து நின்றது. ரொட்டிக்காரரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். இடது காலில் பெரிய கட்டு.

“என்னய்யா ஆச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே. உங்களுக்கு வேலை பாதியாக் குறையப்போவுது. இனிமே ஒத்தச் செருப்பு தைச்சா போதும்” என்றார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

டாக்டர் கணுக்காலுக்கு மேலே பேனாவால் ஒரு நீலக்கோடு போட்டு அனுப்பியிருந்தார். இந்தக் கோட்டோடு எடுத்துவிடலாம், வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள், காலில் ஏறுகிற கறுப்பு இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் நான் பொறுப்பில்லை என்றாராம். அவர் மனைவி அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பாள். பெரியவர்தான், “வீட்ல ஜெபம் பண்ணிட்டு வர்றோம்” என்று அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்கே மேலே ஆரம்பித்துவிட்டது. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

“நடக்க முடியாதவன் மான் மாதிரி துள்ளுவான்னு தீர்க்கதரிசி சொல்லி வச்சிருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் பெரியவர்.

“பெரியத்தான், அது தூர தேசத்துல சிறைபட்டுக் கிடந்தவங்க ஊர் திரும்புறதைப் பத்திச் சொன்னது. சந்தோஷத்தைச் சொல்றாரு. மான் மாதிரின்னா ஒரு ஒப்பீடு. இங்கிலீஷ்ல இதுக்குன்னே ரெண்டு மூணு வார்த்தை இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல வரும். ஒண்ணு இன்னொண்ணு மாதிரி இருக்குன்னா, அதுவாவே ஆயிடுதுன்னு அர்த்தமில்ல.”

“தீர்க்கதரிசிக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப உன் இங்கிலீஷைக் கொஞ்சம் வாசல்லயே கழட்டி வச்சுட்டு வா.”

ரொட்டிக்காரர் நடுவில் சொன்னார்: “மானெல்லாம் வேணாம்ணே. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவுல நாலு எட்டு வச்சா போதும் எனக்கு.”

பிறகு பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

“வாத்தியாரே, ஒண்ணு யோசிச்சுப் பாரு. கால் இருக்கிறவனுக்குத்தான் அந்த வாக்கு. துள்றதுக்குக் கால் வேணுமில்ல? நாமளே வெட்டிப் போட்டுட்டு, கர்த்தர் வந்து நின்னா எதைக் காட்டுறது? எதைக் குணமாக்குவாரு அவரு?”

வாத்தியாருக்குப் பதில் இருந்திருக்கும். ஆனால் அவர் சொன்னது கீழே எனக்குக் கேட்கவில்லை. நாற்காலி இழுபடுகிற சத்தம்தான் கேட்டது. வசனத்துக்கு இரண்டு அர்த்தம் வந்துவிட்டது. வீடு அப்படியே நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை நான் மேலே போனேன். ரொட்டிக்காரருக்கு ஒரு செருப்பு தைக்கலாமென்று, அளவெடுக்க. முன்பக்கம் திறந்தது, கட்டுப் போட்ட காலும் நுழைகிற மாதிரி அகலமாக. யாரும் கேட்கவில்லை. எனக்கே தோன்றியது. தரையில் காகிதம் விரித்து அவர் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். இடது கால் காகிதத்துக்கு அடங்கவில்லை. இரண்டு தாளை ஒட்டி வரைந்தேன்.

பெரியவர் பக்கத்தில் வெந்நீரும் பஞ்சுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு மூன்று தடவை அவர்தான் கழுவுவார். முகத்தைத் திருப்பாமல், மூக்கை மூடாமல், குழந்தைக்குக் கழுவுகிற மாதிரி விரல் விரலாகக் கழுவுவார். அவரை நான் திட்ட மாட்டேன். அந்தப் புண்ணைக் கையால் தொட்டுக் கழுவிய ஒரே ஆள் அவர்தான்.

கழுவக் கழுவ டாக்டர் போட்ட கோடு அழிந்துகொண்டு வந்தது. ரொட்டிக்காரர் மனைவி தினமும் காலையில் பேனா எடுத்து அதே இடத்தில் மறுபடி வரைந்துவிடுவாள். வரைந்துவிட்டு, கறுப்பு எதுவரை வந்திருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பாள். அன்றைக்கு நாலு விரல் இடைவெளி இருந்தது.

அந்த வீட்டில் நாற்றம் அடுப்பு எரிகிறவரை தெரியாது. ரொட்டி வாசனை மூடிவிடும். அடுப்பு தணிந்தால் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் செருப்புக்கு வார் வைத்துக்கொண்டிருந்தேன். ரொட்டிக்காரர் மனைவி இறங்கி வந்தாள். கையில் அந்தக் கையெழுத்துத் தாள், நாலாக மடித்தது.

“அண்ணே, கொஞ்சம் மேல வர்றீங்களா? உங்களை ஒண்ணு கேக்கணுமாம்.”

“என்னையா? பால்காரர் வரலையா?”

“நான்தான் உங்க பேரைச் சொன்னேன்.”

எனக்குப் புரிந்தது. அவளால் சொல்லிக்கொடுக்க முடியாது, விதி. ஆனால் சாமியும் கும்பிடாத, யாரையும் நம்பாத, வாயில் வந்ததைப் பட்டென்று சொல்கிற கிழவன் என்று என்னைத் தேடி வந்திருக்கிறாள். இந்த ஆள் பார்த்தால் வெட்டத்தான் சொல்வான் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறாள். படியில் எனக்கு முன்னால் ஏறினாள். நடுவில் ஒருதடவை திரும்பி, “காலை நல்லாப் பாருங்கண்ணே” என்றாள். அது ஒன்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஐம்பது வருஷம் தோல் பார்த்தவன். செத்த தோல் எது, உயிர்த் தோல் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது. வெட்டத்தான் வேண்டும். பெரியவர் மான் வசனத்தை வாசித்து, வெட்டவா பொறுக்கவா என்று கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஒரு நிமிஷம்” என்றார் வாத்தியார். “ஐயாவுக்குப் புரியிற மாதிரி நான் எளிமையா எடுத்துச் சொல்லிடறேன். விஷயம் தெரியாம சொல்லக்கூடாதில்ல.”

“சொல்லிக்கொடுக்கக் கூடாது” என்றார் பெரியவர்.

“சொல்லிக்கொடுக்கல, விளக்குறேன். ஐயா, உங்க போர்டையே எடுத்துக்கோங்க. இரும்பைவிட உறுதின்னு போட்டிருக்கீங்க. அதுக்காக உங்க செருப்பை வச்சு யாராவது பாலம் கட்டுவாங்களா? கட்ட மாட்டாங்க. அதான் ஒப்பீடு. அது மாதிரிதான் இந்த மானும்.” கொஞ்சம் சிரித்தார். “உங்க போர்டுல ஒரு வார்த்தை கூடுதலா இருக்கு. அது வேற விஷயம்.”

ரொட்டிக்காரர் சிரித்துவிட்டார். பாவம், அவர் அந்த வாரத்தில் சிரித்தது அது ஒன்றாகத்தான் இருக்கும். பதினாலு வருஷத்துக்கு முந்தி நின்ற அந்த நாலு பேரும் மறுபடி வந்து நின்றுகொண்டு சிரித்த மாதிரி இருந்தது எனக்கு. காதெல்லாம் சூடாகிவிட்டது.

எனக்கு டாக்டர்கள் மேலேயும் நம்பிக்கை கிடையாது. என் தம்பியை வயிற்றுவலி என்று நடக்கவைத்துக் கூட்டிப்போனேன், துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அதையும் ஒரு காரணமாக இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அது காரணமில்லை. அந்த நிமிஷத்தில் என் தம்பி ஞாபகத்துக்கே வரவில்லை.

“பொறுத்துப் பாருங்க” என்றேன். “வெட்டினது திரும்ப ஒட்டாது.”

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். வாத்தியார் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு தப்பாக வந்தவன் மறுபடி கூட்டிப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். ரொட்டிக்காரர், “அப்ப செருப்பு ரெண்டும் வேணும்ணே” என்றார்.

அவர் மனைவி டீ டம்ளர்கள் இருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தாள். கண் என் பக்கமே வரவில்லை.

வியாழன் போனது. அன்றைக்குச் செருப்பு ஜோடியை முடித்து மேலே கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை கறுப்பு கோட்டைத் தொட்டது. அவள் கோட்டை மறுபடி வரைந்தாள். சனிக்கிழமை கோட்டின் மேலே வரைய நல்ல தோல் இல்லை. நீல மை கறுப்பில் தெரியவில்லை. பேனாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அன்றைக்கு நான் பெரியவரைப் படியில் மறித்தேன். வெந்நீர்ப் பாத்திரத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னதை விடுங்க. இப்பவே கூட்டிட்டுப் போங்க.”

“ஏன்?”

“ஏனா? மூக்கு இல்லையா உங்களுக்கு? நான் அன்னைக்கு யோசிக்காம சொல்லிட்டேன்.”

“யோசிக்காம வந்ததாலதான் அது வார்த்தை” என்றார். “இப்ப யோசிச்சு வர்றது உங்க பயம். பயப்படாதீங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

“நான் வேணும்னே சொன்னேன்யா!” என்று கத்தினேன்.

அவர் ஒரு படி கீழே இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். பாத்திரத்திலிருந்த வெந்நீர் என் சட்டையில் சிந்தியது. “உங்களுக்கு என் தம்பி மேல எவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

பாசக்காரனை நம்பவைப்பது என்னால் ஆகவில்லை. உண்மையைச் சொன்னாலும் அதைக்கூட அவர் பாசமாகவே எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ரொட்டிக்காரருக்குப் பேச்சு குழறியது. “தட்டை இழு, கருகுது, கருகுது” என்று புலம்பினார். அடுப்பு மூட்டி இரண்டு நாளாகியிருந்தது. வாத்தியார்தான் விதியை உடைத்தார். பெரியவரைத் தள்ளிவிட்டு, மச்சானை முதுகில் தூக்கிக்கொண்டு அந்த இரும்புப் படியில் இறங்கினார். ஒல்லியான ஆள், சாக்பீஸ் பிடித்த கை. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் மடங்கியது. நான் கீழே நின்று தாங்கினேன். என் கழுத்தில் ரொட்டிக்காரர் மூச்சு நெருப்பாகப் பட்டது.

தொடையோடு எடுத்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி நடையில் வாத்தியார் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை கசங்கிக் கிடந்தது. அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

“ஐயா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு நான் சரியா விளக்கலையா? இன்னும் எளிமையாச் சொல்லியிருக்கணுமா?”

நிஜமாகத்தான் கேட்டார். கண்ணில் தண்ணீர். அந்தப் போர்டு விஷயம் எனக்கு வலித்திருக்கும் என்று அந்த மனுஷனுக்குக் கனவில்கூடத் தோன்றியதில்லை. நாலு பேர் முன்னால் சிரித்தது அவர் ஞாபகத்திலேயே இல்லை.

“எனக்கு அவ்வளவு படிப்பு இல்லைய்யா” என்றேன். “புரியல.”

அவர் தலையை ஆட்டினார். “என் தப்புதான்” என்றார்.

அடக்கம் முடிந்து வந்த பிறகும் மேலே ஜெபம் நடந்தது. துள்ளுவது அந்த உலகத்தில்தான், இங்கே இல்லை என்றார் பெரியவர். இப்போது எனக்கு விளங்கிவிட்டது என்றார். வாத்தியார் மறுப்பார் என்று நான் கீழே காத்திருந்தேன். “இருக்கலாம் பெரியத்தான்” என்றார் வாத்தியார். அத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே அர்த்தத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்கவில்லை. என் சுவரும் சுடுவதில்லை. மழைக்குத் தோல் காய்வதில்லை.

ஒரு மாதம் கழித்து ரொட்டிக்காரர் மனைவி கடைக்கு வந்தாள். நான் தைத்துக் கொடுத்த செருப்பு ஜோடியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“தோல் நல்லா இருக்குண்ணே. வீணாக வேணாம். பிரிச்சு வேற யாருக்காவது போடுங்க.”

“வச்சுக்கோம்மா.”

“வச்சு என்ன பண்ண?”

நான் கையிலிருந்த வேறொரு செருப்பின் வாரை நீவிக்கொண்டே இருந்தேன். அவள் போகவில்லை. நின்றாள்.

“தம்பி சொன்னான், உங்களுக்குப் புரியாமத்தான் அப்படிச் சொல்லிட்டீங்களாம். அவன் விளக்கினது சரியில்லையாம். தினம் அதையே சொல்லிட்டு உக்காந்திருக்கான்.”

நான் வாரில் ஒரு துளை போட்டேன்.

“எனக்கென்னவோ உங்களுக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சுன்னு தோணுது. நீங்க காலைப் பார்த்தப்ப உங்க முகத்தை நான் பார்த்தேன்.”

எழுந்து நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். அந்தப் போர்டு, அந்த நாலு பேர், அந்தச் சிரிப்பு. ஒரு காலுக்கும் ஒரு உயிருக்கும் எதிர்த்தட்டில் நான் எதை வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு சின்னது என்று தெரிந்தால் அவளால் தாங்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய். என்னால் தாங்க முடியாது.

“வயசாயிடுச்சும்மா” என்றேன்.

“ஆமா” என்றாள். போய்விட்டாள்.

காகிதத்தைப் பிரித்தேன். வலது செருப்பின் அடியில் நாலைந்து எட்டு வைத்த தேய்மானம் இருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்திருப்பார். இடது செருப்பின் அடி, நான் தோல் வெட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. ஒரு மண் இல்லை.

இடதை எடுத்து மடியில் வைத்துப் பிரிக்க ஊசியை நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. அவர் கால் வீங்கி வீங்கிப் பிய்த்துக்கொள்ளக்கூடாதே என்று மூன்று வரிசை போட்டிருந்தேன், மெழுகு தடவி, ஒவ்வொரு தையலையும் பல்லால் இழுத்து இறுக்கி. குத்தூசியால் நெம்பினேன். ஊசிதான் வளைந்தது.

வெளிச்சம் போகிறவரை உட்கார்ந்திருந்தேன். ஒரு தையல்கூடப் பிரியவில்லை.